ஆறு பேருக்கு வழிவிட்ட ருக்மணியின் பெயரை நீக்க வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்:
த. யாமினி (வயது 24),
த/பெ. தணிகைவேல்,
பள்ளிக்கூடத் தெரு, நகரி,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
சித்தூர்.

பொருள்: வாக்குச்சாவடியில் ஒன்பது மணி நேரம் நின்றும் வாக்களிக்க முடியாமல் திரும்பிய திருமதி ருக்மணியை ‘இடம்பெயர்ந்தவர்’ எனக் காட்டிப் பட்டியலிலிருந்து நீக்குவதை நிறுத்தவும், வாக்குச்சாவடி ஏற்பாடுகளைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ருக்மணி பெயருக்கு 02.09.2024 அன்று வந்த நோட்டீஸ் (நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பி.காம். முடித்துவிட்டு விசைத்தறிக் கூடம் ஒன்றில் நூல் சுற்றும் வேலை செய்கிறேன். அதே கூடத்தில் நான்கு தறிகளை ஓட்டுபவர் ருக்மணி. வயது 52. கணவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒற்றை அறையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். அவர் ஊரை விட்டுப் போய்விட்டதாகவும், ஆட்சேபம் இருந்தால் 19.09.2024 காலை 11 மணிக்கு நேரில் வந்து சொல்லலாம் என்றும் நோட்டீஸ் சொல்கிறது. நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும் என்பதால் நான்தான் படித்துச் சொன்னேன்.

2. கணக்கெடுக்க வந்தவர் இரண்டு முறையும் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்திருக்கிறார். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எந்த வீடும் திறந்திருக்காது. எல்லோரும் தறிக்கூடத்தில் இருப்போம். கூடம் அங்கிருந்து எண்பது அடி தூரம். தறிச் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. பூட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். கடந்த தேர்தலில் ருக்மணி வாக்களிக்கவில்லை என்பதையும் அதற்குச் சான்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. மே 13ஆம் தேதி சம்பளத்தோடு விடுமுறை என்று ஆணை இருந்தது. அது எங்கள் கூடத்துக்கு எட்டவில்லை. “கரெண்டு கீற நேரத்துல தறி நிக்கக் கூடாது, ஒவ்வொருத்தரா போய்க்கினு வாங்க” என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் சாவடியில் 1,340 வாக்காளர்கள். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை 660 நிமிடங்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட வரவில்லை. சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று என இரண்டு இயந்திரங்களில் ஒருவர் வாக்களித்து வெளியே வரவே ஒரு நிமிடம் ஆகும். இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். தேர்தல் ஏற்பாடு செய்தவர்கள் ஏன் போடவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

4. ஆகவே நாங்கள் எப்போதும் செய்வதையே அன்றும் செய்தோம். ரேஷன் கடையானாலும் அரசு ஆஸ்பத்திரியானாலும் கூடத்திலிருந்து ஒருவர் போய் எல்லோருக்குமாக வரிசையில் நிற்பார். முனை நெருங்கியதும் போன் செய்வார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து அவருக்கு முன்னால் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டு தறிக்குத் திரும்புவார்கள். நின்றவர் கடைசியில் போவார். அன்று நிற்கும் முறை ருக்மணிக்கு. காலை 7.40க்குப் போய் நின்றார். பந்தல் கிடையாது. தண்ணீர் டிரம் பத்து மணிக்கே காலி. பகல் பன்னிரண்டரைக்கு வாசலை நெருங்கினார். ஆறு பெண்களை ஒவ்வொருவராக முன்னே விட்டார். மூன்றாவதாகப் போனவள் நான். “சீக்கிரம் போடி, அகிலா வரணும், அவ தறிய யாரு பாப்பா?” என்று என் முதுகில் தட்டி அனுப்பினார்.

5. இம்முறை பக்கத்துத் தெருச் சாவடியையும் எங்களோடு சேர்த்திருந்தார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. “நாங்க மட்டும் காலைலருந்து மாங்கா பறிச்சிக்கினா இருந்தோம்?” என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. புதிதாகக் காவலுக்கு வந்த போலீஸ்காரர், “ஏம்மா, இதி திருமல அனுகுன்னாவா? டோக்கன்லு அம்முதுன்னாவா?” என்று கேட்டார். திருமலையில் தரிசன டோக்கன் விற்கும் புரோக்கர் என்று நினைத்துவிட்டார். “அய்யோ சார், கூட வேலை செய்றவங்கோ சார், நான் யார் கைலயும் எதுவும் வாங்கல” என்று ருக்மணி தமிழில் சொன்னது அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து வரிசையின் வாலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போது மணி 1.25. ஆறாவது பெண் உள்ளே போய்விட்டிருந்தாள். அடுத்தது ருக்மணியின் முறை.

6. பெண்கள் வரிசையில் அவருக்கு முன்னால் இருநூற்றைம்பது பேர். மறுபடியும் நின்றார். மாலை 4.50க்கு, இரவு ஷிப்டுக்காரரான கன்னையா ஓடி வந்தார். காலையிலிருந்து ருக்மணியின் தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆறு மணிக்குச் சாவடியை மூடிவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம்; உடனே ஆண்கள் வரிசையில் சேராவிட்டால் அவருக்கும் வாக்கு இல்லை. ருக்மணி வரிசையை விட்டுவிட்டுத் தறிக்குப் போனார். ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுப்பார்கள், எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்கலாம் என்பதை அங்கே எவரும் தமிழில் அறிவிக்கவில்லை. தெரிந்திருந்தால் எங்களில் யாராவது அவர் தறியைப் பார்த்துக்கொண்டு, ஆறு மணிக்குள் அவரை வரிசைக்கே திருப்பி அனுப்பியிருப்போம். கன்னையா அந்தச் சீட்டைப் பெற்றுத்தான் வாக்களித்தார்.

7. இதைத் தியாகம் என்று பாராட்டி முடித்துவிட வேண்டாம். அவர் தியாகம் செய்யப் போகவில்லை, வாக்களிக்கப் போனார். எங்கள் ஆறு பேர் விரலிலும் கன்னையா விரலிலும் மை இருந்தது. மறுநாள் கூடத்தில் நூலை முடிச்சுப் போடும்போதெல்லாம் எங்கள் விரலைப் பார்த்தோம்.  நோட்டீஸைப் படித்துக் காட்டியபோது ருக்மணி சொன்னார்: “வூடு ஓனர் பேர்ல. மீட்டரும் ஓனர் பேர்ல. கேஸ் சிலிண்டரு செத்துப்போன மனுசன் பேர்ல. இந்த லிஸ்ட்ல மட்டுந்தான்டி நான்னு ஒருத்தி கீறேன்.”

அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு உள்ளூர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் நாள் அதிகாரி முகாமில் இருந்தார். இரண்டாம் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள், வாடகை ரசீது இருக்கிறதா என்றார்கள். எங்கள் தெருவில் வாடகைக்கு ரசீது கொடுத்த வீட்டுக்காரர் எவரும் இல்லை.

8. கோருவன:

(அ) ருக்மணியின் பெயரை நீக்கக் கூடாது. வாடகை ரசீதுக்குப் பதிலாக, அவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்று தெருவார் 43 பேர் கையெழுத்திட்டதை இணைத்துள்ளேன். அன்று அவரால் வாக்களித்த ஆறு பெண்களும் கன்னையாவும் சாட்சி சொல்ல வருவோம். தறி நின்றால் நிற்கட்டும்.

(ஆ) எங்கள் சாவடியை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். வருபவருக்கு வரிசை எண் போட்ட சீட்டைக் காலையிலேயே கொடுத்தால், முறை வரும்போது அவரவர் வரலாம். பிறருக்காக யாரும் நிற்க வேண்டியிருக்காது. பின்னால் நிற்பவருக்கும் கோபம் வராது.

(இ) நிழல், தண்ணீர், கழிப்பறை. இதற்கு விளக்கம் எழுத வெட்கமாக இருக்கிறது.

(ஈ) அறிவிப்புகளைத் தெலுங்கோடு தமிழிலும் சொல்ல வேண்டும்.

(உ) கணக்கெடுக்க அமாவாசையன்று வர வேண்டும். தறிக்கு அன்றுதான் விடுமுறை. தெருவே வீட்டில் இருக்கும்.

9. பிரிவு (ஆ) முதல் (உ) வரை உள்ளவை அடுத்த தேர்தலுக்குள் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இதற்கு முன் எங்கள் தெருவிலிருந்து போன மனுக்கள் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது. பிரிவு (அ) ஒன்றையாவது 19ஆம் தேதிக்கு முன் தாங்களே பார்க்க வேண்டும். அதுவும் முடியாது, விதிப்படி பெயரை நீக்கியே ஆக வேண்டும் என்றால், காரணம் எழுதும் கட்டத்தில் ‘இடம்பெயர்ந்தவர்’ என்றோ ‘வரவில்லை’ என்றோ எழுத வேண்டாம். ‘வந்தார், ஒன்பது மணி நேரம் நின்றார், நாங்கள் திருப்பி அனுப்பினோம்’ என்று எழுதி, கீழே அதிகாரி கையெழுத்திட்டு, அதன் நகல் ஒன்றை அவருக்குத் தர உத்தரவிடுங்கள். தமிழில் தந்தால் அவரே படித்துக்கொள்வார்.

இடம்: நகரி
நாள்: 12.09.2024

இப்படிக்கு,
த. யாமினி

(மேலே எழுதியதைப் படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்பமிட்டவர்: ருக்மணி)

இணைப்பு: நோட்டீஸ் நகல் – 1, தெருவார் கையெழுத்துத் தாள் – 2 பக்கம்.