மூச்சு என்று நினைத்த சத்தம்

என் சிடுமூஞ்சிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டு ஜொகூருக்கு, மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம். தினமும் நான் கூப்பிட்டால் ஹேண்ட்போனை எடுக்கிறாய், பேசத்தான் மாட்டேன் என்கிறாய். அதில் வரும் 'ஸ்ஸ்' சத்தத்தை உன் மூச்சு என்று நினைத்து, அதைக் கேட்டுக்கொண்டேதான் சோறு சாப்பிட்டேன்.

இன்று கிள்ளானில் ஹேண்ட்போன் ரிப்பேர் செய்யும் நாகையாவிடம், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, அது அக்கா மூச்சு இல்ல லா! அக்கா பேசுறதத்தான் அவங்க போன் சுருக்கி அனுப்பும். பேசலைன்னா அனுப்ப ஒண்ணுமில்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு நீங்க பயப்படக் கூடாதுன்னு உங்க போனே அந்தச் சத்தத்தப் போடுது."

எனவே மகாராணி, நாலு வார்த்தை திட்டு. திட்டினால் வந்து சேருமாம். வீட்டுக்கே வந்து திட்டினால் சுருக்காமல் கேட்டுக்கொள்வேன்.

நேற்று குக்கர் பக்கத்தில் போனை வைத்தேன். மூன்று விசில் வந்ததும் "அடுப்ப நிறுத்துய்யா" என்று கத்துவாய் என்று காத்திருந்தேன். நீ கத்தவில்லை. சோறு கருகிவிட்டது. சுரண்டியதில் உன் வெள்ளிக் கரண்டி வளைந்துவிட்டது.

உன் வீட்டுக் காவல்காரன்