எதிர்ப்பக்கத்து நிழல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, காலையில் மறுபடி நடக்கப் போகிறார், அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்து எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். என் பேத்தி, நம் குருவி, எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் பேசும்போதெல்லாம் குழந்தை உன் மடியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், மெசேஜ் போட்டாலும் உன் ஃபோன் அவள் கையில்தான் இருக்கிறது, இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அவள் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிற நீலப் பூப் படத்தைக் கழற்றிவிடு என்று போன வாரம் சொன்னேன் இல்லையா. ஏம்மா என்று கேட்டாய், பூச்சி அரிக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். நீயும் கழற்றினாய், அவள் அழுது ஊரைக் கூட்டவும் மறுபடி மாட்டிவிட்டாய். அதனால்தான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படி.

மருந்துக்கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு எனக்கு இருக்கிற ஒரே கிறுக்கு செடிகொடிப் படம் போட்ட பழைய புத்தகங்கள்தான் என்பது உனக்குத் தெரியும். பால்கனியில நிஜச் செடி வாடிக் கெடக்குது, காகிதச் செடிக்கு மட்டும் பட்டுத்துணி போர்த்துறா என்று உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குகிறார். மழைக்காலம் முடிந்த சமயம், பழைய புத்தகக் கடைக்காரர் எனக்காக ஒன்று எடுத்துவைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் பெரிய தோல் அட்டை, உள்ளே எழுத்துப் பக்கங்கள் மட்டும் இருக்கின்றன, கையால் வண்ணம் தீட்டிய படத்தாள்களை எல்லாம் யாரோ பிளேடால் முதுகு ஓரமாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். ஃப்ரேம் கடைக்காரன் வாங்கிட்டுப் போய் உருவிக்கிட்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாம்மா, இப்படி ஒவ்வொண்ணா வித்தாத்தான் அவனுக்குக் கட்டுப்படியாகுதாம் என்றார் அவர். அந்த வெறும் கூட்டையே விலை பேசி வாங்கிவந்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன், படம் இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்தப் படத்தின் நிழல் பழுப்பாகப் படிந்திருந்தது. பழைய புத்தகங்களில் இது சகஜம்தான், நூறு வருஷமாகத் தாளும் தாளும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தால் மையின் எண்ணெய் எதிர்த்தாளில் இறங்கிவிடும். காம்பு, இலை, நரம்பு எல்லாம் அச்சாகத் தெரிந்தது. இந்த நிழல்களை வைத்துக்கொண்டே படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

ஃப்ரேம் கடைக்காரர் யார் யாருக்கு விற்றார் என்பதை யோசித்து யோசித்துச் சொன்னார். முதலில் பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் லாட்ஜுக்குப் போனேன். நான் கேட்டு முடிப்பதற்குள் மேனேஜர் எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பாமலே என் கையில் கொடுத்தார். அந்த ரூமில் தங்கினவர்கள் எல்லாம் ஈர மண் வாசனை வருகிறது, தொண்டை வறள்கிறது என்று சொல்லி ரூம் மாற்றச் சொல்வார்களாம். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாத்திப் போட்டேங்க, பூவும் அந்தப் பக்கமாத் திரும்பிடுச்சு, சொன்னா என்னைப் பைத்தியம்பீங்க என்றார். பல் டாக்டரின் கிளினிக்கில் அதே கதை, காத்திருக்கிறவர்கள் யாரும் அந்தப் படத்துக்குக் கீழே உட்காருவதில்லை என்று சொல்லி நர்ஸே கழற்றிக் கொடுத்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேனே தவிர நம்பவில்லை. மருந்து கொடுத்தே வயதான எனக்கு, தூக்கமில்லாதவர்கள் சொல்கிற கதைகள் ஒன்றும் புதிதில்லை.

என்னை உலுக்கியது, இன்னொரு படத்தை வாங்கியிருந்த பாட்டு டீச்சர் வீடு. அவர் தனியாக இருப்பவர், பார்த்துக்கொள்ள வந்திருந்த தங்கைதான் கதவைத் திறந்தாள், திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் ஒரு நாற்காலியில் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டுச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது, பசி என்று கேட்பதில்லை, தண்ணீர் மட்டும் ஓயாமல் கேட்கிறார், எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கிறாங்க என்று தங்கை அழுதாள். படத்திலிருந்த மஞ்சள் பூ, சூரியனைப் பார்க்கிற பூ மாதிரி, கழுத்தை ஒடித்துக்கொண்டு டீச்சரின் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தது. நான் ஃப்ரேமைக் கழற்றியபோது டீச்சர் தடுக்கவில்லை, படம் நகர நகர அவர் முகம் மட்டும் மெதுவாகக் கூடவே திரும்பியது. வாசலைத் தாண்டும் வரை என் முதுகில் அந்தப் பார்வை இருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று படங்களையும் அதனதன் நிழலோடு பொருத்திப் பார்த்தேன். இலையும் காம்பின் அடியும் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போயின, பூக்கள் மட்டும் ஒத்துப்போகவில்லை. நிழலில் பூ நிமிர்ந்து நேராக இருக்கிறது, படத்தில் ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம், ஒன்று குனிந்து. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெயில்ல சாயம் நகர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். படங்களை அந்தந்தப் பக்கத்துக்கு எதிரே வைத்துப் புத்தகத்தை மூடி, மேலே அரிசி டப்பாவை ஏற்றி வைத்தேன். சில நாள் கழித்துத் திறந்தால் எல்லாப் பூவும் நிழலோடு நிழலாகப் பொருந்தி நேராக நிற்கின்றன. அதே வாரம் டீச்சரின் தங்கை ஃபோன் செய்து, அக்கா எழுந்து தோசை கேட்டாங்க, குளிக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டுச்சு என்றாள். என்ன ஏது என்று எனக்குத் தெரியாது. நான் நினைப்பது இவ்வளவுதான், எதிரே ஒரு பக்கம் இருந்தே பழகியவை அவை, அதை அறுத்து எடுத்துவிட்டால் பக்கத்தில் மூச்சு விடுகிற எதையாவது எதிர்ப்பக்கமாக ஆக்கிக்கொள்ளப் பார்க்கின்றன. அதில் பகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் பயம் குறையவும் இல்லை.

மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்துவிட்டன, ஒரே ஒரு பக்கம் மட்டும் காலியாக நின்றது. அதன் நிழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து இதழ்ப் பூ, கீழே நத்தை தின்ற ஓட்டையோடு ஒரு இலை. அந்த இலையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். நீ புது வீட்டுக்குக் குடிபோனபோது, அந்த நீலப் பூப் படத்தை அதே ஃப்ரேம் கடையில் அழகாக இருக்கிறதே என்று ஆசையாக வாங்கி நான்தான் உனக்கு அனுப்பினேன். அது இந்தப் புத்தகத்திலிருந்து அறுத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் என் முகம் நினைவில்லை. உடனே நீ அனுப்பிய ஃபோட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். குருவியின் பிறந்தநாள் ஃபோட்டோவில் பூ நேராக இருக்கிறது. அம்மை போட்டுப் படுத்திருந்தபோது எடுத்ததில் கட்டில் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. போன மாதம் நீ ஃபோனில் சிரித்துக்கொண்டே, இவ இப்பல்லாம் தண்ணி தண்ணின்னு உயிரை எடுக்கிறாம்மா, ஸ்கூலுக்குப் போகவும் மாட்டேங்கிறா, ரூமை விட்டு நகர மாட்டேங்கிறா என்று சொன்னாயே, எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. தூங்கும்போது எவ்வளவு அழகு பாரு என்று கடைசியாக அனுப்பினாயே ஒரு ஃபோட்டோ, அதை நீ இப்போது எடுத்துப் பார். பூ முழுதாகக் குனிந்துவிட்டது. குழந்தை மல்லாந்து, கழுத்தை மேலே திருப்பி, பாதிக் கண் திறந்தபடி படுத்திருக்கிறாள். இரண்டு முகமும் நேருக்கு நேர் இருக்கின்றன, விரித்து வைத்த புத்தகத்தின் இரண்டு பக்கம் மாதிரி.

அந்த ஃபோட்டோவை உன் அப்பாவிடம் கொடுத்தேன். சாயம் என்று சொல்லவில்லை, வெயில் என்று சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், இரண்டு பேருக்கும் டிக்கெட்டோடு திரும்பி வந்தார். புத்தகத்தைப் பெட்டியில் வைக்க விடமாட்டேன் என்கிறார், தானே மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்த ஓரிரு நாளில் நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம். அது வரைக்கும் நான் சொல்கிறபடி செய். குழந்தையை இன்றைக்கே உங்கள் அறையில் படுக்க வை, அழுதால் அழட்டும். அவள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்போது படத்தைக் கழற்றி, ஃப்ரேமிலிருந்து எடுத்து, ஒரு பெரிய புத்தகத்துக்குள் வெள்ளைத்தாளுக்கு எதிரே வைத்து மூடி மேலே பாரம் ஏற்று. சும்மா அலமாரியில் நிறுத்தி வைக்காதே, குப்பையிலும் போடாதே, எரிக்கவும் வேண்டாம். தண்ணீர் கேட்டால் கொடு, அந்த அறையில் வைத்துக் கொடுக்காதே. டீச்சர் தேறிவிட்டார் என்பதை நினைத்துக்கொள், மனசை விடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், வேறெதுவும் நான் கேட்பதில்லை. ஒட்டுவதற்கு முன் அப்பா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று சேர்க்கச் சொல்கிறார், கழற்றும்போது நம்ம பொண்ணும் அதை நிமிர்ந்து பாக்கக் கூடாது, கண்ணை மூடிக்கிட்டுக் கழற்றச் சொல்லு என்கிறார்.

நீ இதைப் படிக்கும்போது வழியில் இருக்கும்
உன் அம்மா