நஜாத் கேட்ட கேள்வி

அன்பான அத்தான்,

ஆய்வுகூட யன்னலுக்கு வெளியிலை பனி சத்தமில்லாமல் இறங்குது. ஒஸ்லோ நித்திரையிலை மிதக்கிற மாதிரிக் கிடக்கு.

இஞ்சை ஒஸ்லோவிலை ட்வெய்ட்டாப் பக்கம் இருக்கிற ஈராக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னனான் எல்லே? அந்தத் தாய் நஜாத்தின்ரை பிள்ளையளின்ரை கண்பார்வை மங்கிறதுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடிச்சிட்டம். இண்டைக்கு டொக்டரோடை நானும் அவையிட்டைச் சொல்லப் போனனான்.

"என்ரையும் மனுசன்ரையும் தகப்பன்மார் சகோதரங்கள். நாங்கள் கலியாணம் செய்தது குற்றமோ?" எண்டு நஜாத் நோர்வேஜியனிலை கேட்டா.

"இல்லை. எல்லாரிட்டையும் இப்பிடி ஏதோ ஒளிஞ்சிருக்கு. தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டையும் ஒண்டே இருந்தால்தான் பிள்ளைக்கு வரலாம்; சொந்தத்துக்கை அதுக்குச் சந்தர்ப்பம் கூட" எண்டன்.

"உன்ரை மனுசன் ஆர்?"

"என்ரை மாமாவின்ரை மகன்."

அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டா. அவவின்ரை கடைசி மகள் வாசலிலை பனியைத் தொட்டுப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டாள்.

எங்களுக்குப் பிள்ளை வருமெண்டு வாங்கி வைச்ச தொட்டிலை ஆருக்கும் குடுத்துவிடுவம் எண்டு ரெலிபோனிலை சொன்னியள். குடுக்கவேண்டாம், அத்தான்.

நீங்கள் பேர்கனிலை வேலை முடிஞ்சு வந்தவுடனை ரெண்டு பேரும் மரபணுச் சோதனைக்கு இரத்தம் குடுத்துப் பார்ப்பம். முடிவு என்னவெண்டாலும், அதைக் கேட்கேக்கை நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருக்கவேணும்.

கலியாணத்துக்கு முன்னமே உங்களுக்குச் சொந்தமான,
உங்கட மச்சாள்