உன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் பக்கம்

அன்புள்ள உஷாக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள், தெரியுமா? வண்டிச் சத்தம் கேட்டாலே "நைனா, நைனா" என்று வாசலுக்கு ஓடுகிறாள். அவள் நைனாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, இந்த வாரம் ராத்திரி ஷிப்ட்.

நீ சேஃப்டி ஆபீசராக இருந்த அதே மாங்கூழ் பேக்டரிதான். குளிர்கிடங்குக்கு அமோனியா போகும் குழாயை இங்கே மட்டும் மாற்றிப் போட்டார்களே, அதற்குக் கம்பெனி புத்தகத்தில் வழியில்லை. கரண்ட் போய் வந்தால் எந்த வால்வை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சோதித்து எழுதியவள் நீ. மாற்றித் திறந்தால் குழாய் வெடிக்கும் என்றும் எழுதியிருந்தாய்.

சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களைக் கிழித்ததும் நீதான். ஆளுக்கொரு முறை வேண்டாம், இனி எல்லாம் ஒரே இடத்தில் என்றாய். பல நாட்டு ஆலைகளும் பார்க்கிற கம்பெனி இணையதளத்தில் ஏற்றினாய். நல்ல காரியம்தான், அக்கா.

ஆனால் எழுதியவர் வருடா வருடம் 'இது இன்றும் சரி' என்று உறுதி சொல்லாவிட்டால் தளம் அந்தப் பக்கத்தை மூடிவிடும். பழையது தேங்கக் கூடாதாம். போன மாதம் உன் பக்கம் மூடிக்கொண்டது.

கம்பெனியின் திருப்பதி ஆபீசில் வேலை பார்க்கும் எனக்குப் பக்கங்களை ஏற்றத்தான் அனுமதி. மூடியதைத் திறக்க இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பக்கத்தின் உரிமையாளரின், அதாவது உன், ஒப்புதல் வேண்டுமாம். அவர் இறந்துவிட்டார் என்றேன். வேறு பெயருக்கு மாற்றவும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. மேனேஜரோ, "ப்ராசஸ் உந்தி கதம்மா, முறைன்னு ஒண்ணு இருக்கே, கொஞ்சம் பொறு" என்கிறார்.

நான் தலைமை அலுவலகத்தைக் கேட்கும்போதெல்லாம் பீரோவுக்குள் உன் போன் அதிர்கிறது. 'உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்.' அதைத் திறக்க உன் விரல் வேண்டும். உன் விரலுக்கு நான் எங்கே போவேன்?

போன வாரம் என் வீட்டுக்காரர் பேக்டரியிலிருந்து கண் சிவந்து வந்தார்.

"இன்னா ஆச்சு?"

"கரண்ட் போய் வந்துச்சு. இடது வால்வுதான் மொதல்லன்னு நான் சொல்றேன், கூட வேல செய்ற மணி வலதுன்றான். சண்ட போட்டுக்கினு இருக்கும்போதே லேசா கசிஞ்சிடுச்சு."

"அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"எப்பவும் ஸ்கிரீனப் பாத்துக்கினுதானே தொறப்போம்? மனப்பாடம் பண்ணச் சொன்னாங்களா உங்கக்கா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூடிய உன் பக்கம் திரும்பத் திறக்கட்டும். என் கையாலேயே பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுவேன். நீயே வந்து சொன்னாலும் கிழிக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இதோ, மின்விசிறி நின்றுவிட்டது. வீட்டுக்கும் பேக்டரிக்கும் ஒரே லைன். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கரண்ட் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

எது முதலில், அக்கா? இடதா, வலதா? சீக்கிரம் பதில் போடு.

உன் கூடப்பிறந்த தங்கை,
கௌரி