ஹம்னாவுக்கு ஒரு பாசி

ஓமன் பாலைவனம்,
17.11.2024

என் நூருவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நல்லா இருக்கேன். கூடாரத்துல போன் எடுக்காது. வெள்ளிக்கிழமை தண்ணி எடுக்க டவுனுக்குப் போனாத்தான் உன் குரல். அதான் லீவுல வடகரைக்கு வாற முஃபீத் கையில இதைக் கொடுத்து விடுதேன்.

பேருக்குத்தான் நான் சமையல்காரன். இப்ப என்னையும் நடக்க விட்டுட்டாவ. பத்துப் பேரு வரிசையா, தரையைப் பாத்துக்கிட்டே, காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் நடக்கணும். பழங்காலத்து ஓடு, கல்லு, பாசிமணி எது கண்ணுல பட்டாலும் பக்கத்துல சிவப்புக் கொடி குத்தணும். தொடக் கூடாது. கிடந்த இடத்தை விட்டு எடுத்துட்டா அது வெறும் கல்லுதான்னு இந்த ஆராய்ச்சியை நடத்துத மேடம் சொல்லுதாங்க. எல்லாம் ஐயாயிரம் வருசத்துக்கு முந்தினது. கேம்ப்லயே எனக்குத்தான் கண்ணு கூர்மைன்னு பேச்சு. நீ சிரிக்காதே. நெத்தியில கண்ணாடியை வச்சிக்கிட்டு வீடு பூராத் தேடுத ஆளுன்னு இங்க யாருக்கும் தெரியாது.

பேரீச்சம்பழ டப்பாவுக்கு அடியில பஞ்சுல சுத்தி ஒரு சிவப்புப் பாசி வச்சிருக்கேன். வகுப்புல யாருகிட்டயும் இல்லாத ஒண்ணு வேணும்னு ஹம்னா கேட்டாள்ல. அவ கையில கட்டி விடு. எங்க கிடைச்சதுன்னு யாருகிட்டயும் சொல்லாதே.

பிப்ரவரியில வந்துருவேன். ஐந்தருவிக்கு அவளை நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லு.

உன் ஆதம்

வடகரை,
22.12.2024

மச்சானுக்கு நூரு எழுதுவது, ஸலாம்.

பழம் ரெண்டே நாள்ல தீர்ந்துபோச்சு. பாசியைக் கறுப்பு நூல்ல கோத்து வலது கையில கட்டி விட்டேன். குளிக்கையிலயும் கழற்ற மாட்டேங்கா. யாருகிட்டயும் சொல்லாதேன்னீங்க. அவ பள்ளிக்கூடம் பூரா எங்க வாப்பா மண்ணுக்குள்ள இருந்து எடுத்ததுன்னு சொல்லிட்டு வந்துட்டா. இது முன்னால யாரு பாசின்னு கேக்கா. நீங்கதான் பதில் எழுதணுமாம்.

குற்றாலத்துல ஐயப்ப சாமிமார் கூட்டம். எங்க அண்ணன் அருவிக்குக் கூப்பிட்டான். வாப்பா வந்தாத்தான் வருவேன்னு இவ அசையவே இல்ல.

மூணு நாளா பிள்ளைக்குக் காய்ச்சல். தென்காசியில காட்டி மருந்து வாங்கினேன். விட்டு விட்டு வருது. முந்தாநாள் போன்லயும் சொன்னேன். நீங்க அங்கன கிடைச்ச பானை ஓடு பத்தியே பேசிட்டு வச்சிட்டீங்க. கோபம் இல்ல, வருத்தந்தான். முஃபீத் நாளைக்குக் கிளம்புதாரு. இதை அவரு கையில கொடுத்து விடுதேன்.

உங்கள் நூரு

ஓமன்,
11.01.2025

நூரு, ஸலாம்.

உன் கடிதம் கிடைச்சது. கூடாரத்தை இன்னும் உள்ள தள்ளிப் போட்டதால நடுவுல டவுனுக்கு வர முடியல. அப்புறம் ரெண்டு வெள்ளிக்கிழமையும் உங்க அண்ணன்தான் போனை எடுக்கான். நீ ஆலங்குளம் போயிருக்கியாம். ஹம்னா பள்ளிக்கூடத்துல இருக்காளாம். உனக்கு என் மேல கோபம்னு தெரியுது.

இப்ப ஒரு தப்பைச் சொல்லணும். அந்தப் பாசி தரையில கிடக்கல. அது கிடந்தது கல் அடுக்கி மூடின கபருக்குழி. பிரஷ்ஷால மண்ணைத் தட்டச் சொன்னாங்க. சின்னப் பிள்ளையோட கை எலும்பு, அதுல மூணு பாசி. மேடம் அந்தப் பக்கம் திரும்பினப்ப ஒண்ணை எடுத்துட்டேன். ரெண்டு இருக்கே, போதும்னு நெனச்சேன். ஆனா முன்னாலயே பிடிச்ச படத்துல மூணும் இருந்திருக்கு.

பிப்ரவரி பத்துக்குள்ள கொண்டு வந்தா, இருந்த இடத்துல வச்சு மூடிருவோம், இல்லாட்டி போலீசுக்குத்தான் போகணும்னு மேடம் சொல்லிட்டாங்க. ஜெயிலுக்குப் போனா ஊருக்கு எப்படி வருவேன்?

பிள்ளை அழுவா. எப்படியாவது கழற்றி வாங்கிரு. தங்கத்துல வளையல் கொண்டு வாறேன்னு சொல்லு. யாரு பாசின்னு கேட்டாள்ல, அவ வயசுப் பிள்ளை பாசிதான்னு சொல்லு. வேண்டாம், அதைச் சொல்லாதே, பயந்துருவா.

ஆதம்

வடகரை,
25.01.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

பாசி இந்தக் கவருக்குள்ள இருக்கு. மஸ்கட் வாற சலீம் பாய் கையில கொடுத்து விடுதேன்.

நான் பிள்ளையை அழ வச்சு வாங்கல. டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி அவளைக் குளிப்பாட்டின பொம்பளைங்க நூலை அறுத்து என் கையில வச்சாங்க. காய்ச்சல் தலைக்கேறிருச்சு. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயும் ஹம்னா பிழைக்கல. அன்னைக்கு அஸர் தொழுகைக்கே அடக்கியாச்சு.

மச்சானுக்குச் சொல்லாதே, அங்கன தனியா கெடந்து ஏதாவது ஆகிரும், லீவுல வந்ததும் சொல்லலாம்னு அண்ணன் சொன்னான். வெளிநாட்டுல ஆம்பளை இருக்கிற எல்லா வீட்டுலயும் இப்படித்தானே செய்யுதோம். உங்க வாப்பா மவுத்தானப்பவும் நான் பதினஞ்சு நாள் மறைச்சேன். இதையும் மறைச்சேன். அது பெரிய தப்பு. நீங்க அழ வேண்டிய நாளை நான் உங்களுக்குத் தரல. மன்னிச்சிருங்க.

காய்ச்சல்தான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. நானும் அதைத்தான் நம்புதேன். பாசி மேல பழி போட மாட்டேன். ஆனா உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு ஒரு வரி இல்ல. போன்ல சொன்னேன், கடிதத்துலயும் எழுதினேன். செத்து ஐயாயிரம் வருசம் ஆன பிள்ளை கையில எத்தனை பாசின்னு எண்ணிப் பாத்தீங்க.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு உம்மா இருந்திருப்பா. உங்க கையாலயே அதைத் திருப்பி வச்சிருங்க.

ஹம்னா கபரு மையவாடியில வேப்பமரத்துக்குக் கிழக்க இருக்கு. தலைமாட்டுல மீசான் கல் இன்னும் வைக்கல. யாரும் காட்டாட்டாலும் நீங்க கண்டுபிடிச்சிருவீங்க.

நான் இலஞ்சியில சின்னம்மா வீட்டுக்குப் போறேன். அங்கன வர வேண்டாம்.

ஹம்னாவோட உம்மா