தெற்குச் சுவர்ப் பனி

நவம்பர் 26
காலையில் தாடியிலிருந்த பனி உதிர்ந்து ஓட்ஸ் கஞ்சிக்குள் விழுந்தது. அப்படியே குடித்தேன். இங்கே தண்ணீரே உருக்கிய பனிதான்.

நூறாண்டுக்கு முன் தென்துருவம் தேடி வந்தவர்கள் கட்டிய மரக்குடிசையைப் பழுதுபார்க்கிறோம். எங்கள் ஊர் டிமாருவிலிருந்து கிளம்பும்போது மகள் பிரைடி சொன்னாள்: "நம்ம கொட்டகை ஒழுகுது. நீங்க செத்தவங்க வீட்டுக்குக் கூரை போடப் போறீங்க." டிசம்பர் பதினான்காம் தேதி அவளுக்குக் கல்யாணம். அதற்குள் வந்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன்.

நவம்பர் 29
உடன் வேலை செய்யும் ரங்கி, குடிசைக்குள் போகும்முன் கதவைத் தட்டுகிறான். "வர்றோம் பசங்களா."
"யாராவது பதில் சொன்னா என்னடா பண்ணுவே?"
"உன்னை முன்னாடி தள்ளிவிடுவேன், பெருசு."

டிசம்பர் 2
தெற்குச் சுவரை ஒட்டிப் பனி கல்லாய் இறுகிக் கிடக்கிறது. அது கசிந்துதான் பலகை உளுத்துப்போகிறது. உள்ளே முட்டுக் கொடுத்தபின் வெட்டலாம் என்றான் ரங்கி. முட்டு மரம் மாதக் கடைசியில்தான் வரும். கல்யாணம்?
"இங்கே இப்போ கோடைதானே, புயல் வராது" என்று குழுத் தலைவி ஆலிசனைப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். முப்பது வருடத் தச்சனாயிற்றே.

டிசம்பர் 5
வெட்டி முடித்தாயிற்று. சுவர் முழுதாய்த் தெரிகிறது. குடிசை லேசாக முனகுகிறது. "வெயிலுக்கு மரம் விரியுது" என்றேன். ரங்கி சிரிக்கவில்லை.

டிசம்பர் 7
காற்று அடியோடு நின்றுவிட்டது. தெற்கு வானம் அழுக்குத் துணி மாதிரி. ரேடியோவில் புயல் எச்சரிக்கை.

டிசம்பர் 8
கூடாரங்கள் பறந்துபோய்விட்டன. மூவரும் குடிசைக்குள். ஓடி வந்த அவசரத்திலும் கதவைத் தட்டினேன்.

இந்தச் சுவரில் யாரும் சாயக்கூடாது என்பது விதி. இப்போது மாற்றி மாற்றி முதுகு கொடுத்துத் தாங்குகிறோம். முதுகுக்குப் பின்னால் பலகை மூச்சு விடுகிறது. என்னையே திட்டிக்கொள்கிறேன்: இத்தனை காலம் அந்தப் பனிதான் தாங்கியிருக்கு. அதைப் போய் வெட்டினியேடா—

டிசம்பர் 10
ஓய்ந்தது. சுவர் நிற்கிறது. அடிக்கட்டையை விட்டு விரல் நுழையும் அளவு விலகியிருக்கிறது.
என்னை அழைத்துப்போக ஹெலிகாப்டர் வந்தது. "போ பெருசு, நாங்க பார்த்துக்கறோம்" என்றான் ரங்கி. அந்த விரலிடுக்கைப் பார்த்தேன். ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 14
தொலைபேசியில் பிரைடி.
"அந்த வீடாவது நிக்குதாப்பா?"
"நிக்குதும்மா."
"சரி. சித்தப்பா வெளியில காத்திருக்கார். உங்களுக்குப் பதிலா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்."

வெட்டி எறிந்த பனியை அள்ளி வந்து சுவரோரம் திரும்ப அடைக்கிறோம். பாதிகூட ஆகவில்லை.

மத்தியானத்திலிருந்து காற்று அடியோடு நின்றிருக்கிறது, ஏழாம் தேதி போல.