மூன்று முறை இறந்தேன் என்று எழுதிய தாள்

டீச்சர்,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பார்த்தேன். பேனை மறுத்துவிட்டது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கையாலும் அந்த ஒரு சொல்லைத் தூக்க முடியவில்லை.

நேற்றுக் காலை உங்கள் மகன் வந்தான். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுக்குகிறானாம். “அங்கிள், அம்மாவின்ர மேசை லாச்சிக்குள்ள இது கிடந்தது. உங்கட எழுத்துப் போல கிடக்கு,” என்று ஒரு நீளக் கடித உறையை நீட்டினான். என்னுடைய எழுத்தேதான், குடாவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் இருந்தே வாசிக்கக்கூடிய எழுத்து. ‘தாதியர் பயிற்சிக் கூட அதிபர் அவர்களுக்கு.’ நாலு வருடத்துக்கு முந்திப் பசை கிடைக்காமல் சோற்றுப் பருக்கை நசுக்கி ஒட்டியிருந்தேன். ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. பருக்கையின் மேடுகூட விரலில் தட்டுப்பட்டது.

“குடுத்தாச்சு அண்ணை. அவையள் ஏற்கேல்லை,” என்று நீங்கள் சொன்ன கடிதம் இது.

நீங்கள் என்னை நோயாளி ஆக்கிய நாள் நினைவிருக்கிறதா? அன்புவழிபுரத்தில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரவேலி. அதற்கு மேலால் தலையை நீட்டினீர்கள்.

“அண்ணை, தாதிக்குப் படிக்கிற எங்கட பிள்ளையளுக்குப் பழக ஒரு நோயாளி வேணும்.”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டீச்சர்.”

“அதுதான் வேணும். வருத்தமில்லாத ஆள். ஆனா வாய் உள்ள ஆள்.”

அன்றிலிருந்து நான் பட்ட வருத்தங்களை உலகத்தில் எந்த வைத்தியரும் கண்டிருக்க மாட்டார். திங்கட்கிழமை காலில் முறிவு, புதன்கிழமை சலரோகம், வெள்ளிக்கிழமை நெஞ்சுநோ. பீற்றூட் சாறு ஊற்றி நீங்கள் செய்து தந்த புண்ணைப் பார்த்து என் மனைவி உண்மையாகவே அழுதாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என்னோடு கதைத்துப் பழகுவார்கள். நீங்கள் மூலையில் நின்று பார்ப்பீர்கள். “நிண்டுகொண்டு கதைக்காதேங்கோ. நீங்கள் நிண்டா நோயாளி வாசலைப் பார்ப்பான், நீங்கள் எப்ப போவியள் எண்டு. கதிரையை இழுத்து இருங்கோ,” என்பீர்கள். “விளங்கினதோ எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். என்ன விளங்கினது எண்டு கேளுங்கோ,” என்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வீர்கள்: “ஆர் சொன்னாலும், நானே சொன்னாலும், பிழையெண்டா வாயைத் திறந்து சொல்லுங்கோ.” பொய்வருத்தக் கட்டிலில் கிடந்தபடி நான் உருகிப்போவேன். எனக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் துறைமுகத்தையே விலைக்கு வாங்கியிருப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒவ்வொரு பிள்ளையும் எப்படிக் கதைத்தது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னீர்கள். என்னிடம் தாளைத் தரலாமா டீச்சர்? மா மூட்டையைத் தூக்கிவிட்டு யானையைத் தூக்கினேன் என்று சொல்லுகிற ஆள் நான். ‘இந்தப் பிள்ளை சுற்றிய பண்டேஜில் என் கால் இரண்டு அங்குலம் வளர்ந்தது.’ ‘இந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில் தலையணையே குணமாகிவிட்டது.’ பின்னேரங்களில் உங்கள் குசினியில் தேத்தண்ணியோடு அவற்றை வாசித்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பீர்கள். முதல்நாளே கேட்டேன், இந்த விசர்க்கதையெல்லாம் எங்கே போகும் என்று. “இது எனக்கும் உங்களுக்கும்தான் அண்ணை. பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்க மட்டும். பைலுக்குப் போகாது,” என்றீர்கள்.

தர்சினி வந்த நாள் எனக்கு நெஞ்சுநோ. கப்பல்துறைக் கிராமத்துப் பிள்ளை, மெலிந்த உருவம், பெரிய கண். அன்றைக்கென்று ஒரு இராச்சியத்தையே இழந்த மன்னனைப் போல வசனம் தயாரித்து வைத்திருந்தேன். உங்கள் பட்டியலில் இருந்த கேள்விகளைக் கேட்டால்தானே நான் வசனத்தை அவிழ்க்கலாம்? அவள் கேட்கவில்லை. கதிரையை இழுத்து இருந்தாள். என் கையைப் பிடித்தாள். என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“அங்கிள், உங்களுக்கு உண்மையாவே மூச்சு வாங்குது. நடிக்கிறதைக் கொஞ்சம் விட்டுட்டு இருங்கோ. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ.”

எனக்கு வந்த கோபம்! அரங்கேற்றமே குழம்பிப் போச்சு. தாளை எடுத்தேன். ‘இந்தப் பிள்ளையின் பராமரிப்பில் நான் மூன்று முறை இறந்தேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாலாவது முறை இறக்க நேரம் போதவில்லை.’ எழுதிக் கையெழுத்தும் வைத்தேன், வால் நீட்டி.

மறுநாள் ஏதோ உறுத்தலில் கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் ஏறியிருந்தது. அன்றைக்குத் தொடங்கிய குளிசை இன்னும் போகிறது. கட்டிலடிக்கு வந்த அத்தனை பேரும் என் நடிப்பைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு கிழமை கழித்து அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். தர்சினியை ஆறு மாதம் பின்தள்ளிவிட்டார்களாம். நோயாளியோடு தொடர்பாடத் தெரியாதாம். பரீட்சைச் சபையில் அத்தாட்சியாக ஒரு தாள் வாசிக்கப்பட்டதாம். ‘மூன்று முறை இறந்தேன்’ என்று.

நான் வேலியால் அல்ல, வாசலால் வந்தேன் அன்றைக்கு.

“டீச்சர், அது பகிடி.”

“எனக்குத் தெரியும் அண்ணை.”

“தெரிஞ்சுமோ?”

“அங்க இருந்த ஆக்களுக்குத் தெரியாதுதானே.” நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. “அவளுக்கு வாய் கூட. ஆறு மாதம் இருந்தா அடங்கும்.”

வாசலிலேயே நின்றுவிட்டேன். கதைக்கத் தெரியாது என்று பைல். வாய் கூட என்று நீங்கள். இரண்டும் எப்படி டீச்சர் ஒரே பிள்ளையாக இருக்கும்? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், அதிபருக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். “தாங்கோ, நானே குடுக்கிறன்,” என்றீர்கள். தந்தேன். குடுத்தாச்சு என்றீர்கள். நம்பினேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உங்கள் கட்டிலில் கிடந்து செத்தேன், உங்கள் தேத்தண்ணியைக் குடித்தேன். கண்டி ரோட்டு பஸ்சில் தர்சினியைக் காணும்போதெல்லாம் அவள் யன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். ‘கடிதம் எழுதியும் இந்தப் பிள்ளைக்கு நன்றியில்லையே’ என்று நான் மனதுக்குள் குறைப்பட்டேன். அப்படிக் குறைப்பட்டதற்கும் சேர்த்துத்தான் உங்களில் கோபம்.

நேற்றுப் பின்னேரம் உறையை எடுத்துக்கொண்டு கப்பல்துறைக்குப் போனேன். தர்சினி இப்போது தாதி. ஆறு மாதம் பிந்தி வந்த தாதி. கொடியில் வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் கதிரை போட்டாள்.

“அப்ப உன்னை ஏன் பிள்ளை மறிச்சவை?”

“உங்களுக்குத் தெரியாதோ?” அவள் நம்பவில்லை. “வார்ட்டில உங்கட டீச்சர் மருந்தின்ர அளவைப் பிழையா வாசிச்சவ. மிஸ், ஐஞ்சு இல்லை, புள்ளி ஐஞ்சு எண்டு சொன்னனான். டொக்டரும் நிண்டவர். மிஸ் சிரிச்சு, கெட்டிக்காரி எண்டு சொன்னவ. அடுத்த கிழமை சபைக்கு உங்கட தாள் வந்தது.”

பிழையெண்டா வாயைத் திறந்து சொல்லுங்கோ என்றவர் நீங்கள் டீச்சர். திறந்தவள் ஒரே ஒருத்தி. அவள் வாயை அடைக்க என் வாயை எடுத்தீர்கள்.

உறையைக் கொடுத்தேன். பிரித்து வாசித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நான் எழுதியது என்றால் எல்லாரும் சிரிப்பார்களே. அவள் ஒரு வரியைச் சத்தமாக வாசித்தாள்: “‘ஈரேழு உலகத்திலும் என்னைப் போல் பொய்யன் இல்லை, என் நாக்கை நீட்டினால் கிண்ணியாப் பாலத்தைவிட இரண்டு முழம் கூட.’”

கடிதத்தை மடித்தாள்.

“அங்கிள், இதிலயும் பகிடிதான் விட்டிருக்கிறியள்.”

“ஓம்.”

“மிஸ் இதைக் குடுத்திருந்தாலும் அவையள் சிரிச்சுப்போட்டு வைச்சிருப்பினம்.”

செருப்பைக் காலால் தேடினேன்.

“எண்டாலும்,” என்றாள் பிறகு, “எனக்காக ஒருத்தரும் ஒரு வரிகூட எழுதேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். இது என்னட்டை இருக்கட்டும்.”

எழும்பினேன். படியில் கால் வைக்கும்போது கேட்டாள்:

“குளிசை ஒழுங்காப் போடுறியளோ?”

“மூட்டை மூட்டையாப் போடுறன் மகள். மருந்துக்கடையே என்னாலதான் நடக்குது.”

“எத்தினை?”

அவள் சிரிக்கவில்லை.

“ஒண்டு,” என்றேன். “காலையில ஒண்டு. போன கிழமை ரெண்டு நாள் விட்டுட்டன்.”

“விடாதேங்கோ.”

அவ்வளவுதான் டீச்சர். ஒரு எண்ணை உள்ளபடியே சொல்ல எனக்கு எழுபது வயது ஆகியிருக்கிறது. அதைச் சொல்ல வைத்தவள் நீங்கள் பின்தள்ளிய பிள்ளை. இன்று காலை பயிற்சிக் கூடத்து அதிபருக்கு மூன்று வரி எழுதினேன், ஒரு யானையும் இல்லாமல்: அன்றைக்கு எனக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது. அதைக் கண்டது தர்சினி மட்டும். நான் எழுதியது பொய். ஆறு மாதத்தை அது திருப்பித் தராது என்று தெரியும். ஆனாலும் இந்தமுறை தபாற்கந்தோருக்கு நானே நடந்து போனேன்.

கதிரையை இழுத்து இருக்கச் சொன்ன உங்களையும் எனக்கு மறக்க ஏலாது. அவள் என் பக்கத்தில் அப்படி இருந்தது நீங்கள் பழக்கியதால்தான். அதையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன். செத்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்கிறாள் என் மனைவி. பார்க்கிறேன். இப்போதே மன்னித்துவிட்டேன் என்று எழுதினால், டீச்சர், இதுவரை நான் அவிழ்த்துவிட்ட அத்தனை புளுகிலும் பெரிய புளுகு அதுவாகத்தான் இருக்கும்.